கொன்றைமலை விஞ்சின் பச்சை விளக்கு

விஞ்ச் பத்திரமானதான்னு என்கிட்டயா கேக்கறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. இந்த மலையடிவாரத்துல இவ்வளவு கூட்டம் நிக்குது, இதுல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியான ஒரே ஆளைப் பார்த்துக் கேட்டிருக்கீங்க. உக்காருங்க சார், இந்த பெஞ்சுல ஓரமா உக்காருங்க. காலை நல்லா நீட்டிக்கங்க. முட்டி ஆபரேஷன் பண்ணின கால்னு நடக்கறதைப் பார்த்தாலே தெரியுதே. நீங்களும் உக்காருங்கம்மா. பாப்பாவை இந்தப் பக்கம் நிழல்ல வச்சுக்கங்க. மொட்டை போட்டுக் காது குத்தவா வந்திருக்கீங்க? நல்லது, நல்லது. பேரு என்ன? நிறைமதியா? அடேயப்பா, பேரே நிறைஞ்சு இருக்கே. என்னைப் பார்த்து சிரிக்குது பாருங்க, ஊர்ப்பட்ட மனுஷங்க என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பறாங்க, இது சிரிக்குது.

வரிசை இப்ப நகராது. பெரிய ஆபீசருங்க வரணும், பூஜை போடணும், பூசணிக்காய் சுத்தி உடைக்கணும். ஒரு வருஷமா பூட்டிக் கிடந்த விஞ்ச், இன்னிக்குத்தானே திறக்கறாங்க. மேளக்காரங்க இப்பத்தான் தட்டிப் பார்க்கறாங்க.

என் பேரு நல்லசிவம். சொந்த ஊரு திண்டுக்கல் பக்கம், இருக்கறது கோயம்புத்தூர். இந்த விஞ்சுக்குள்ள ஓடற கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் எங்க கம்பெனி செஞ்சது. அதுல உயிர்நாடியான இடம் எதுவோ, அது என் கையால எழுதினது. கோயில் ஈ.ஓ., அதான் நிர்வாக அதிகாரி, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு, முதல் வண்டியில நீங்களே ஏறி உக்காருங்க நல்லசிவம், அப்பத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்னு. அதான் இந்த வரிசையில நிக்கறேன். நீங்களும் முன்னாடியே நிக்கறீங்க, நம்ம எல்லாரும் ஒரே வண்டிதான். பயமே வேண்டாம்.

என்ன எழுதினேன்னு கேக்கறீங்களா? சொல்றேன். யாரும் இதை உக்காந்து கேக்க மாட்டாங்க சார், என் வீட்டுக்காரி உட்பட.

இதோ தண்டவாளம் மேல போகுது பாருங்க. வண்டியை இழுக்கற மோட்டார் மலை உச்சியில இருக்கு. இங்க கீழ பிளாட்பாரத்துல ஒரு கேட்காரர் இருப்பாரு. அவர் கையெட்டுற தூரத்துல ஒரு சிவப்பு பட்டன். ஏறும்போது யாருக்காவது கால் இடறிச்சு, சேலை மாட்டிக்கிச்சுன்னா அவரு பட்டனை அமுக்கணும், அமுக்கினா மேல மோட்டார் நிக்கணும். அமுக்கின சேதி எப்படி மேல போகும்? கண்ணாடி நூல் வழியா. ஃபைபர்னு சொல்லுவாங்க. தலைமுடி தடிமன்தான் இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் ஓடும், அந்த வெளிச்சம் விட்டு விட்டு எரியறதுலதான் சேதி இருக்கு.

இப்ப மேல இருக்கற கம்ப்யூட்டருக்கு ஒரு விஷயம் எந்நேரமும் தெரிஞ்சிருக்கணும். கீழ இருக்கறவனோட தொடர்பு இருக்கா, அறுந்துபோச்சா? அதுக்குப் பேரு லிங்க். லிங்க் இருந்தா பச்சை. இல்லைன்னா சிவப்பு. சிவப்பு வந்தா மோட்டார் தானா நின்னுடும், ஏன்னா பட்டன் சேதி வராதுன்னு தெரிஞ்சும் ஜனங்களை ஏத்தி இழுக்கக் கூடாது இல்லையா? அந்த இருக்கா இல்லையாங்கறதைக் கண்டுபிடிச்சுச் சொல்ற சாஃப்ட்வேருக்கு டிரைவர்னு பேரு. வண்டி ஓட்டறவர் இல்ல சார், இது வேற. அந்த டிரைவரை எழுதினவன் நான். அதோ, கேட்டுக்கு மேல பச்சையா எரியுதே, மேலேர்ந்து தனி லைன்ல வர்ற அந்த விளக்கு என் பேச்சைக் கேட்டுத்தான் எரியுது.

போன வருஷம் இதே விஞ்ச் புதுசா ஓட ஆரம்பிச்சப்ப ரெண்டு விஷயத்தைப் பார்த்துத்தான் பச்சை போடும். ஒண்ணு, வெளிச்சம் வருதா. ரெண்டு, அந்த வெளிச்சத்துல சேதி படிக்கற மாதிரி இருக்கா. ரெண்டும் சரியா இருந்தாத்தான் பச்சை. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கும், நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனா புஸ்தகம் எழுதினவன் கொன்றைமலையில விஞ்ச் ஓட்டியிருக்கானா?

என்ன ஆச்சுன்னா, மோட்டார் கிளம்பும்போது கரண்ட் ஒரு உதறு உதறும். அந்த உதறல்ல கீழேர்ந்து சேதி அனுப்பற பெட்டி ஒரு கண்ணிமைக்கற நேரம் உளறும். வெளிச்சம் இருக்கும், சேதி படிக்க முடியாது. உடனே சிவப்பு. உடனே மோட்டார் நின்னுடும். வண்டி பாதி மலையில தொங்கும். பொம்பளைங்க முருகா முருகான்னு அலறுவாங்க, குழந்தைங்க வீல்னு கத்தும், ஒருத்தரு ஜன்னல் வழியா குதிக்கப் பார்த்தாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்கறீங்க! ஈ.ஓ. போன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிச்சாரு. எங்க மேனேஜர் அதைவிட. எல்லாத் திட்டும் யார் தலையில? என் தலையில.

ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு எங்க டீம்ல இருந்தா. தூத்துக்குடி. நல்ல படிப்பு, நல்ல மூளை, அதெல்லாம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம். அவ என்ன சொன்னா? "சார், பெட்டி ஏன் உளறுதுன்னு பார்ப்போம். கரண்ட்டைச் சரி பண்ணினா உளறல் நின்னுடும், டிரைவரைத் தொடாதீங்க"ங்கறா. ஏம்மா, பாதி மலையில தொங்கறவனுக்குக் காரணமா வேணும்? வண்டி நிக்காம போகணும், அவ்வளவுதானே? கரண்ட்டைச் சரி பண்றதுன்னா கோயில்காரங்க, கான்ட்ராக்டரு, மின்சாரத்துக்காரங்கன்னு எத்தனை பேரு வாசல்ல நிக்கணும்! டிரைவர்னா என் மேசையிலயே முடிஞ்சுடும்.

நான் முடிச்சேன் சார். ஒரே மூச்சுல முடிச்சேன். சேதி படிக்க முடியுதாங்கற சோதனையை எடுத்துட்டேன். வெளிச்சம் வருதா, பச்சை. அவ்வளவுதான். அதுலயும் ஒரு நொடி வெளிச்சம் போச்சுன்னா பதறி அடிச்சுச் சிவப்பு போடாத, பொறுத்துப் பாரு, நடுவுல துளி வெளிச்சம் திரும்ப வந்தாலும் முதல்லேர்ந்து பொறுத்துப் பாருன்னு சொல்லிக் குடுத்தேன். பொறுமை சார், பொறுமை. அந்த மிஷினுக்கு நான் பொறுமையைக் கத்துக் குடுத்தேன்.

அன்னியிலேர்ந்து வண்டி எங்கயும் நிக்கலை. வெண்ணெயா வழுக்கிட்டுப் போச்சு. ஈ.ஓ. எனக்குப் பொன்னாடை போத்தி, பிரசாதம் குடுத்து, சன்னிதியில நிக்கவச்சு மரியாதை பண்ணினாரு. போட்டோ வீட்டுல மாட்டியிருக்கு.

ஜெசிந்தா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. ஒருநாள் கம்ப்யூட்டர்ல கேபிள் மாட்டற கார்டு ஒண்ணை என் மேசைக்குத் தூக்கிட்டு வந்தா. கேபிளைப் பிடுங்கிட்டு, கார்டோட ஓட்டையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிச்சா. வெயில் பட்டுச்சு. பச்சை எரியுது! "பாருங்க சார், கேபிளே இல்ல, லிங்க் இருக்குங்குது. வெயிலையும் வெளிச்சம்னுதான் எடுத்துக்குது. வீட்டுல லைட்டு எரியறதை மட்டும் பார்த்துட்டு உள்ள ஆள் முழிச்சிருக்குன்னு சொல்லுவீங்களா?"ன்னு கேக்கறா. எகத்தாளத்தைப் பார்த்தீங்களா? நான் கேட்டேன், ஏம்மா, மலையில யாரு கார்டைக் கழட்டி ஜன்னல்ல பிடிக்கப் போறா? கேபிள் மாட்டியிருக்கறப்ப வெயில் எப்படிம்மா உள்ள போகும்? அறுந்த நுனி வழியா போகும்ங்கறா. அறுந்தாத்தானேன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்களே சொல்லுங்க, நடக்காததை எல்லாம் நினைச்சுப் பயந்தா மனுஷன் வேலை செய்ய முடியுமா?

அழுதா ஒரு பிஸ்கட் குடுங்கம்மா பாப்பாவுக்கு. வெயில் ஏறுதுல்ல, அதான் சிணுங்குது.

அப்புறம்தான் பங்குனி உத்திரம் வந்துச்சு.

நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பேப்பர்காரங்க கண்ணு காது மூக்கு வச்சு எழுதினதை விடுங்க. நடந்தது இவ்வளவுதான். காவடிக் கூட்டம், நெரிசல். ஒரு அம்மா ஏறிட்டு இருந்தாங்க, ஒரு கால் வண்டியில, ஒரு கால் பிளாட்பாரத்துல. மேல மோட்டார் கிளம்பிடுச்சு. அந்தம்மா பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. கேட்காரரு சுடலைமணின்னு ஒருத்தரு, பட்டனை அமுக்கினேன் அமுக்கினேன்னு சொன்னாரு. வண்டி நிக்கலை. அந்தம்மாவை இழுத்துட்டே கொஞ்ச தூரம் போயிடுச்சு. ஜனங்க கத்தின கத்து மேல இருக்கறவனுக்குக் கேட்டு, அவன் கையால நிறுத்தினான்.

செத்தாங்களான்னா... விஞ்ச்ல சாகலை சார். அதைத் தெளிவா புரிஞ்சுக்கங்க. கால்தான் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்தாங்க, சர்க்கரை வியாதி இருந்துச்சாம், புண்ணு ஆறலை. அப்புறம் போய்ட்டாங்க. சர்க்கரைக்கு நான் என்ன பண்ண முடியும்? அதுக்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம்?

விசாரணை வச்சாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன், தைரியமாத்தான் போனேன். கேட்டாங்க, அந்த நேரத்துல லிங்க் இருந்துச்சா? இருந்துச்சு. பச்சை எரிஞ்சுச்சா? எரிஞ்சுச்சு. பட்டன் சேதி மேல வந்துச்சா? வரலை. லிங்க் இருக்கு, சேதி வரலைன்னா என்ன அர்த்தம்? பட்டனை அமுக்கலைன்னு அர்த்தம். நான் அதைச் சொல்லலை சார், சத்தியமா சொல்லலை. அவங்களே கூட்டிக் கழிச்சுப் பார்த்துச் சொன்னாங்க. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சுடலைமணிக்கு வேலை போச்சு. கேஸும் போட்டாங்க. அவரு ஒருநாள் கோயம்புத்தூர் ஆபீசுக்கே வந்துட்டாரு. ரிசப்ஷன்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காரு. நான் போகாம இருந்திருக்கலாம், மனசு கேக்கலை, போனேன். கும்பிட்டாரு. "சார், நான் அமுக்கினேன் சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்"னு கட்டைவிரலைக் காட்டறாரு. நகம் பூரா கன்னங்கரேல்னு ரத்தம் கட்டிப் போயிருக்கு. பட்டனைக் குத்திக் குத்தி ஆனதாம். கதவு இடுக்குல மாட்டினாலும் நகம் அப்படித்தானே சார் கருக்கும்? நான் அதைச் சொல்லலை, மனசுக்குள்ள நினைச்சேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன். அவரு குடிக்கலை.

கேபிளா? அதைக் கேளுங்க. அப்புறம் போய்ப் பார்த்தா, பாதி மலையில பாறை மேல குரங்கு கேபிளைக் கடிச்சு வச்சிருக்கு. நூல் அறுந்து கிடக்கு. ஜெசிந்தா குதிச்சா. "அப்பவே அறுந்திருக்கு சார், நுனி வெயில்ல கிடந்திருக்கு, நம்ம டிரைவர் அதைப் பார்த்துப் பச்சை போட்டிருக்கு, அந்த மனுஷன் அமுக்கினது எங்கயும் போகலை"ன்னு. ஏம்மா, குரங்கு எப்ப கடிச்சுச்சுன்னு குரங்கைக் கூப்பிட்டா கேக்க முடியும்? விபத்துக்கு முன்னாடி கடிச்சிருக்கலாம், பின்னாடி கடிச்சிருக்கலாம். கமிட்டியிலயும் அப்படித்தான் சொல்லி முடிச்சாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு புதுக் கேபிள் இழுத்து, இரும்புக் குழாய்க்குள்ள விட்டுட்டாங்க. இனி குரங்கு பல்லுதான் உடையும்.

டிரைவரா? அதை ஏன் சார் தொடணும்? தொட்டா என்ன அர்த்தம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க. இப்ப மாத்தினா, அப்ப தப்பா இருந்துச்சான்னு கேப்பான். சரியா இருக்கறதை ஏன் மாத்தினேன்னு கேப்பான். மேனேஜரும் அதேதான் சொன்னாரு, நல்லசிவம், ஒரு எழுத்துக்கூட மாத்தாத, அப்படியே போகட்டும்னு. ஜெசிந்தா அன்னிக்கே பேப்பர் போட்டுட்டுப் போயிட்டா. போகும்போது எல்லார் முன்னாடியும் கேட்டா, "பேச்சியம்மாளுக்கு ரெண்டு பொண்ணுங்க சார், தெரியுமா உங்களுக்கு?"ன்னு. எதுக்கு என்கிட்ட கேக்கறா? பேச்சியம்மாளை நானா தள்ளிவிட்டேன்? சாப்பிட உக்காந்தா அந்தக் கேள்வி வருது, குளிக்கப் போனா வருது. கோவம் கோவமா வருது சார் எனக்கு. மனுஷனை நிம்மதியா இருக்க விடாத கேள்வியெல்லாம் ஒரு கேள்வியா?

ஆபீசருங்க வந்துட்டாங்க போல. கார் கதவு சாத்தற சத்தம் கேக்குது. மாலை எடுத்துட்டு ஓடறாங்க பாருங்க. பாப்பா தூங்கிடுச்சா? தோள்ல சாஞ்சு தூங்குது. தூங்கட்டும்.

இன்னிக்குக் காலையில ஜெசிந்தா போன் பண்ணினா. எத்தனை மாசம் கழிச்சு! திறக்கறாங்கன்னு எப்படியோ கேள்விப்பட்டிருக்கா. நல்லா இருக்கீங்களான்னு கேப்பான்னு பார்த்தா, "சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஒரே ஒரு தடவை மேல போய்க் கேபிளைக் கையால பிடுங்கிப் பாருங்க. சிவப்பு வருதான்னு பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்"ங்கறா. அழற மாதிரி இருந்துச்சு குரல். சரி போனாப் போகுதுன்னு போனேன். விஞ்ச் ஓடலையே, படியேறித்தான் போனேன். மூச்சு வாங்கிடுச்சு.

பிடுங்கினேன். பிடுங்கிட்டு நின்னேன்.

பச்சைதான் எரிஞ்சுச்சு. பொறுமை இருக்குல்ல அதுக்கு, நான் சொல்லிக் குடுத்தது, கொஞ்ச நேரம் ஆகும்னு நின்னேன். டீ கொண்டுவந்தாங்க, குடிச்சேன். திரும்பிப் பார்த்தேன். எரிஞ்சுட்டே இருக்கு. அந்த ரூம்ல கிழக்குப் பக்கம் ஜன்னல் சார். நல்லா வெயில் விழுது. அதான், வேற ஒண்ணும் இல்ல. கேபிளைத் திரும்ப மாட்டினேன். பச்சை எரிஞ்சுச்சு. மாட்டினா பச்சைதானே எரியணும்? சரியாத்தானே இருக்கு? அங்க இருந்த மோட்டார்காரன் கேட்டான், எல்லாம் சரிதானே சார்னு. சரிதான்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். ஜெசிந்தா மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டா, நான் எடுக்கலை. மேளச் சத்தத்துல என்ன பேச முடியும்?

நீங்க ஏன் ஒரு மாதிரி பார்க்கறீங்க? அட, பயப்படாதீங்க சார். நல்லா யோசிச்சுப் பாருங்க. நூல் அறுந்தாத்தானே பிரச்சினை? நூல்தான் இரும்புக் குழாய்க்குள்ள இருக்கே. மேலேர்ந்து கீழ வரைக்கும் குழாய். இங்க, கேட்டு பக்கத்துல பெட்டி வச்சிருக்கற இந்த ரூம் சுவரு ஓரமா மட்டும் கொஞ்சம் வெளிய தெரியுது, குழாய் பத்தலைன்னு விட்டுட்டாங்க. அது ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. இங்க குரங்கு வராது, கூட்டத்துக்கு நடுவுல எங்க வரும்?

ஏய்! ஏம்ப்பா! ஏணியில நிக்கறவரே! அந்தக் கருப்பு வயர்ல கட்டாதீங்க! தோரணத்தை அதுல கட்டாதீங்கய்யா! அது கேபிளு!

கேக்கலை அவனுக்கு. நாதஸ்வரம் தூக்கிட்டாங்க. கையைக் காட்டறேன், சிரிக்கறான் பாருங்க, என்னமோ நல்லா கட்டுன்னு நான் சொல்றேன்னு நினைச்சுட்டான். தென்னங்குருத்துத் தோரணம், அதோட சீரியல் பல்பும் சேத்துத் தொங்கவிடறான். இழுத்துக் கட்டறானே... ஐயோ, முறுக்கி முடிச்சுப் போடறான். அது கண்ணாடி சார். வளைக்கலாம், ஒரு அளவுக்குத்தான். முடிச்சுப் போட்டா உள்ள நொறுங்கிடும். மேல கருப்புத் தோல்ல ஒரு கீறல் விழுந்தாக்கூட வெளிச்சம் உள்ள போயிடும், ஆனா வெளியேர்ந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

ஒண்ணும் ஆகியிருக்காது.

பச்சை எரியுது. பார்த்தீங்களா? கேட்டு மேல, எரியுது. எரியுதுல்ல? அப்ப லிங்க் இருக்கு. அறுந்திருந்தா சிவப்பு வந்திருக்கணும், வரலை. மேல ரூம்ல இப்ப ஜன்னலைச் சாத்தியிருப்பாங்களா? கிழக்கு வெயில் இந்நேரம் நகர்ந்திருக்கும். மேலதான் கேபிளை மாட்டிட்டேனே, இப்ப நுனின்னா இங்க, இந்தச் சுவரு ஓரமாத்தான். இல்ல, நுனின்னு ஏன் சொல்றேன், நுனி எங்க இருக்கு, அறுந்தாத்தானே நுனி. உங்ககிட்ட தண்ணி இருக்கா சார்? கொஞ்சம் குடுங்க.

உச்சி வெயில்ல அந்தச் சுவரு பக்கம் நல்லா காயும் போல. சீரியல் பல்பு வேற எரியவிட்டுட்டான். பளபளன்னு இருக்கு.

ஈ.ஓ.கிட்டயா? அவர்கிட்ட போய் என்னன்னு சொல்லச் சொல்றீங்க? பச்சை எரியுது, ஆனா எரியலைன்னு சொல்லவா? நான் எழுதினது இருக்குங்குது, நான் இல்லைங்கறேன்னு சொல்லவா? அத்தனை பெரிய மனுஷங்க மாலையும் கழுத்துமா நிக்கறாங்க. நல்லசிவம், அப்ப போன பங்குனியில எரிஞ்ச பச்சை என்ன பச்சைன்னு ஒருத்தன் கேட்டுட்டா? கேப்பான் சார். கட்டாயம் கேப்பான். நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு இந்த ஆபீஸ் விஷயம் எல்லாம் தெரியாது.

பூசணிக்காய் உடைச்சுட்டாங்க. கேட்டைத் திறக்கறாங்க. எழுந்திருங்க, எழுந்திருங்க, மெதுவா, என் தோளைப் பிடிச்சுக்கங்க. புது கேட்காரரு சின்ன வயசு, பட்டன் மேலயே கையை வச்சுட்டு நிக்கறாரு, பாவம்.

ஆமா சார், நான் வரலை. இல்ல, வருவேன், படியில வர்றேன். இப்பத்தான் சட்டுனு ஞாபகம் வந்துச்சு, எனக்குப் படியேறி வர்றதா ஒரு வேண்டுதல். போன வருஷமே வேண்டிக்கிட்டது. காலையில ஏறினது கணக்குல வராது, அது ஆபீஸ் வேலை. சாமி காரியத்துல ஏமாத்தக் கூடாதில்லையா? என் இடத்துல உங்க சாமான் பையை வச்சுக்கங்க, தாராளமா உக்காரலாம். உள்பக்கமா உக்காருங்க. ஏறும்போது ரெண்டு காலையும் சேத்து வச்சு ஏறுங்க சார், அந்த ஆபரேஷன் கால் வெளிய நிக்கற மாதிரி விட்டுடாதீங்க. அம்மா, நீங்க முந்தானையை இடுப்புல செருகிக்கங்க. இன்னும் நல்லா செருகுங்க.

ஒண்ணு செய்யுங்க. பாப்பாவை என்கிட்ட குடுங்க.

நான் படியில தூக்கிட்டு வந்துடறேன். தூங்கற குழந்தை சார், இந்த நெரிசல்ல எதுக்கு? நீங்க பெரியவங்க, கம்பியைப் பிடிச்சுக்கலாம். அதால முடியாதுல்ல. மொட்டை போடற இடத்துல வந்து நிக்கறேன், நீங்க வந்து வாங்கிக்கங்க. ஏம்மா அப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க, நான் என்ன பிள்ளை பிடிக்கறவனா? பேரு சொன்னேன், ஊரு சொன்னேன், எல்லாந்தான் சொல்லிட்டேனே. ஏன்னு கேக்காதீங்க. லிங்க் இருக்கு சார், நான்தான் சொல்றேனே, இருக்கு, பச்சை எரியுது பாருங்க, ஒண்ணும் ஆகாது. தள்ளாதீங்கய்யா பின்னாடி! மணி அடிச்சுட்டான். குடுங்கம்மா. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், பிள்ளையை மட்டும் குடுத்துட்டு ஏறுங்க.